5ஆம் தொகுதி (பாம்ப்ளமூஸ்–திரியோலே): 1948 முதல் 2024 வரை வாக்குக் கணக்கைத் தொகுக்க வழி சொல்லுங்கள்

வடகரை:

வணக்கம். மன்ற மலருக்காக, மொரீஷியஸின் 5ஆம் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். ஆண்டு, வென்றவர்கள், கட்சி, வாக்கு, சதவீதம் என்று ஐந்து பத்திகள் போட்டுத் தொடங்கியாயிற்று. நான்கு இடத்தில் முட்டி நிற்கிறது.

முதலாவது, 1967க்கு முன்னால் "5ஆம் எண்" என்பதே கிடைக்கவில்லை. 1963இல் "திரியோலே" என்று ஒரு தொகுதி இருக்கிறது, அதில் ஒரே உறுப்பினர். 1953இல் பாம்ப்ளமூஸும் ரிவியேர் து ராம்பாரும் சேர்ந்து ஒரே தொகுதி. இவற்றை ஒரே வரிசையில் வைக்கலாமா?

இரண்டாவது, சதவீதம். ஒரே வேட்பாளருக்கு ஒரு பத்திரிகை 53 என்கிறது, இன்னொன்று 17 என்கிறது. வாக்கு எண்ணிக்கை மட்டும் இரண்டிலும் ஒன்றுதான்.

மூன்றாவது, கட்சிப் பத்தி. தொழிற்கட்சி ஒரு தேர்தலில் எம்.எம்.எம். கட்சியுடன், மறு தேர்தலில் எம்.எஸ்.எம். கட்சியுடன். ஏற்ற இறக்கத்தை எப்படிக் காட்டுவது?

நான்காவது, மன்றத்துப் பெரியவர்கள் கேட்பது: இந்தத் தொகுதியில் தமிழர் வாக்கு எவ்வளவு, எந்தப் பக்கம் போயிற்று? அதைக் கணக்கிட வழி உண்டா?

பழைய கெசட்டு:

முதல் கேள்விக்கு மட்டும் பதில். ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. பெயர் ஒட்டிக்கொண்டு வந்தாலும் நிலம் ஒன்றல்ல. நான்கு கட்டமாகப் பிரித்து, கட்டத்துக்குக் கட்டம் தடித்த கோடு போடுங்கள்.

1885 அரசியலமைப்பின்படி 1886இல் நடந்த முதல் தேர்தலில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 10 பேர். போர்ட் லூயிக்கு 2, மற்ற எட்டு மாவட்டங்களுக்கு ஆளுக்கு ஒன்று. அப்போது பாம்ப்ளமூஸ் மாவட்டமே ஒரு தொகுதி. சொத்தும் வருமானமும் உள்ளவருக்கு மட்டும் வாக்கு என்பதால் வாக்காளர் சில ஆயிரம் பேர்தான். உங்கள் அட்டவணை 1948இல் தொடங்குவதால் இதை ஒரு அடிக்குறிப்போடு விட்டுவிடலாம்.

1948, 1953: தீவு முழுக்க 5 பெருந்தொகுதி, 19 இடம். போர்ட் லூயிக்கு 4, பிளேன் வில்லெம்ஸ்–பிளாக் ரிவருக்கு 6, மோக்கா–ஃப்ளாக்குக்கு 3, கிராண்ட் போர்ட்–சவானுக்கு 3, பாம்ப்ளமூஸ்–ரிவியேர் து ராம்பாருக்கு 3. உங்கள் ஊர் கடைசியாகச் சொன்னதில் வரும். பின்னாளில் பிரதமரான சிவசாகர் ராம்கூலம் அதிலிருந்துதான் சபைக்குப் போனார். 1948இன் முக்கியச் செய்தி வாக்குரிமை. தீவில் புழங்கும் மொழிகளில் ஏதாவது ஒன்றில் எளிய வாக்கியம் படிக்க எழுதத் தெரிந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். அந்த மொழிகளில் தமிழும் ஒன்று. அதனால் சுமார் 12 ஆயிரமாக இருந்த பட்டியல் 71 ஆயிரத்தைத் தாண்டியது. மன்ற மலர் என்றால் இந்த வரியைத் தவற விடாதீர்கள். மாரியம்மன் கோயில் திண்ணையில் கற்ற எழுத்தும் ஒருவரை வாக்காளர் ஆக்கியது என்பது சின்ன விஷயமல்ல.

1959, 1963: டிரஸ்ட்ரம் ஈவ் ஆணையம் தீவை 40 ஒற்றைத் தொகுதிகளாக வெட்டியது. வயது வந்த எல்லாருக்கும் வாக்கு என்பதும் 1959இலிருந்துதான். "திரியோலே" தனித் தொகுதியாக இருந்தது இந்த இரண்டு தேர்தலுக்கு மட்டுமே. இரண்டிலும் வென்றவர் ராம்கூலம். இன்றைய 5ஆம் தொகுதியின் பரப்பு அந்தப் பழைய திரியோலேயைவிடப் பெரிது. ஆகவே 1963 வாக்கையும் 1967 வாக்கையும் கழித்துப் பார்த்து "இவ்வளவு கூடியது" என்று எழுதினால் அது பிழை.

1967 முதல் இன்று வரை: பான்வெல் ஆணையம் 1966இல் போட்ட சட்டகம். தீவில் 20 தொகுதி, ஒவ்வொன்றுக்கும் 3 பேர். 21ஆவது ரோட்ரிக்ஸ் தீவு, அதற்கு 2 பேர். மொத்தம் 62. ரோட்ரிக்ஸ் மக்கள் முதன்முதலாக வாக்களித்ததும் 1967இல்தான். 5 என்ற எண் இங்கேதான் பிறக்கிறது.

இந்த நான்காம் கட்டத்துக்குள்ளும் எல்லை அசையாமல் இருந்ததாக எண்ணிவிடாதீர்கள். எல்லை ஆணையம் 10 ஆண்டுக்கு ஒரு முறை பார்த்து அறிக்கை கொடுக்க வேண்டும். சபை அதை அப்படியே ஏற்கலாம் அல்லது அப்படியே தள்ளலாம், நடுவில் திருத்த முடியாது. அதனால் அறிக்கையில் உள்ள வரைபடத்தைப் பார்த்து "எல்லை மாறிவிட்டது" என்று எழுதாதீர்கள். சபை ஏற்றதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தொகுதிகளுக்குள் ஏற்றத்தாழ்வு ஏன் என்பதற்கும் விடை இதில்தான் இருக்கிறது. மிகச் சிறிய 3ஆம் தொகுதியை விட மிகப் பெரிய 14ஆம் தொகுதியில் வாக்காளர் இரண்டு மடங்குக்கும் மேல். இரண்டுக்கும் 3 உறுப்பினர்தான்.

பலரும் விழும் ஒரு குழி: பாம்ப்ளமூஸ் மாவட்டம் வேறு, 5ஆம் தொகுதி வேறு. மோந்தாஞ் லோங் மாவட்டக் கணக்கில் பாம்ப்ளமூஸ், தேர்தல் கணக்கில் 4ஆம் தொகுதி. மாவட்ட மக்கள்தொகையை எடுத்து 5ஆம் தொகுதி வாக்காளரோடு வகுத்தால் வருவது குப்பை. மாவட்டக் கவுன்சில் எல்லையும் உதவாது. முன்பு பாம்ப்ளமூஸ்–ரிவியேர் து ராம்பார் ஒரே கவுன்சில், 2011 உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு இரண்டாயிற்று.

மூன்றால் வகு:

53க்கும் 17க்கும் சண்டையே இல்லை தம்பி, இரண்டும் சரி. வகுக்கும் எண் வேறு.

பொதுத்தேர்தலில் தீவு வாக்காளர் ஒவ்வொருவரும் 3 குறி இட்டாக வேண்டும். 2 போட்டாலும் 4 போட்டாலும் சீட்டு செல்லாது. ஆக ஒரு செல்லுபடியான சீட்டு, மூன்று வாக்கு. கற்பனை எண் வைத்துச் சொல்கிறேன். செல்லுபடியான சீட்டு 40,000 என்றால் வாக்கு 1,20,000. முதல் அணியின் மூவர்: 21,400, 20,900, 19,100. இரண்டாம் அணி: 17,300, 16,800, 16,100. மற்றவர் எல்லாருமாக 8,400.

முதல் வேட்பாளரை 40,000ஆல் வகுத்தால் 53.5. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் அவருக்குக் குறி போட்டார்கள் என்று பொருள். 1,20,000ஆல் வகுத்தால் 17.8. விழுந்த குறிகளில் அவர் பங்கு. தனி ஆளுக்கு முதல் முறை, அணிக்கு இரண்டாம் முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அணியின் பங்கு: மூவரின் வாக்கைக் கூட்டி 1,20,000ஆல் வகுக்க வேண்டும். முதல் அணி 61,400, அதாவது 51.2. இரண்டாவது 50,200, அதாவது 41.8. பத்தியின் தலைப்பில் எந்த முறை என்று எழுதாமல் விட்டால் அடுத்த ஆண்டு உங்களுக்கே புரியாது.

இதிலேயே ஒரு சோதனை இருக்கிறது. எல்லா வேட்பாளர் வாக்கையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை 3ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். வகுபடவில்லை என்றால் எங்கோ அச்சுப்பிழை, அல்லது நடுவில் வெளியான பகுதி எண்ணிக்கையை இறுதி முடிவு என்று எடுத்துவிட்டீர்கள். வகுபட்டால் எல்லாம் சரி என்று உறுதி இல்லை; மூன்றில் ஒரு பிழை இதில் தப்பிவிடும். ஆனால் பெரும்பாலான தட்டச்சுப் பிழை மாட்டும். ரோட்ரிக்ஸுக்கு 2ஆல் வகுக்க வேண்டும். 1967க்கு முந்திய எதற்கும் இந்தச் சோதனையைப் போடாதீர்கள்.

இடைத்தேர்தலில் காலி இடம் ஒன்று, குறியும் ஒன்று. ஆகவே நேரடிச் சதவீதம். 5ஆம் தொகுதிக்கு இது முக்கியம், ஏனென்றால் 1970 செப்டம்பர் இடைத்தேர்தல் இங்கேதான் நடந்தது. முந்திய ஆண்டு தொடங்கிய எம்.எம்.எம். சார்பில் தேவ் விராசாமி வென்று அக்கட்சியின் முதல் உறுப்பினர் ஆனார். பிரதமரின் சொந்தத் தொகுதியிலேயே. அந்தச் சதவீதத்தை 1967 வேட்பாளர் சதவீதத்தோடு பக்கத்தில் வைக்காதீர்கள். மூன்று குறி போடச் சொன்னால் கை தாராளமாகும், ஒன்று என்றால் மனசு வேறு மாதிரி வேலை செய்யும்.

இன்னொன்று, அணிக்குள் இருக்கும் இடைவெளி. மேலே சொன்ன கணக்கில் முதல்வருக்கும் மூன்றாமவருக்கும் 2,300 வித்தியாசம். அப்படியானால் குறைந்தது 2,300 பேர் முதல்வருக்குப் போட்டுவிட்டு மூன்றாமவரை விட்டு வேறு அணிக்குக் குறி இட்டிருக்கிறார்கள். நம் ஊரில் "கூப்பே திராஞ்ஷே" என்பது இதைத்தான். கட்சிக்காரர் மேடையில் "ப்ளோக்காகப் போடுங்கள்", அதாவது மூன்று குறியும் ஒரே அணிக்கு, என்று தொண்டை கிழியக் கத்துவதும் இதற்குப் பயந்துதான். அட்டவணையில் இதற்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள். வென்றார் தோற்றார் என்பதைவிட இது அதிகம் சொல்லும்.

வாக்குப்பதிவு சதவீதத்துக்கு: கூட்டுத்தொகையை 3ஆல் வகுத்து, செல்லாத சீட்டைக் கூட்டி, பதிவான வாக்காளரால் வகுக்கவும். எந்த ஆண்டுப் பட்டியல் என்று பாருங்கள். ஜனவரியில் வீடு வீடாகச் சரிபார்த்து ஆகஸ்டு நடுவில்தான் புதுப் பட்டியல் நடைமுறைக்கு வரும். 2010 மே 5 தேர்தலுக்கு 2009 பட்டியல்தான் பொருந்தும். 2014 டிசம்பருக்கு அதே ஆண்டுப் பட்டியல்.

வடகரை:

ரொம்ப நன்றி. 3ஆல் வகுக்கும் சோதனை இத்தனை நாள் தெரியாமல் போயிற்று. கட்சிப் பத்திக்கு யாராவது? 5ஆம் தொகுதியை "தொழிற்கட்சிக் கோட்டை" என்று தலைப்பிடலாமா?

மோக்கா மலை:

கோட்டை என்றால் மூன்று முறை மதில் சரிந்த கோட்டை. முதல் சரிவு விராசாமி, மேலே வந்துவிட்டது. இரண்டாவது 1982 ஜூன் 11. எம்.எம்.எம்., பி.எஸ்.எம். கட்சிகளின் அணி தீவின் 60 இடத்தையும் பிடித்தது, 60–0. பிரதமராக இருந்த சிவசாகர் ராம்கூலமே இங்கே தோற்றார். மூன்றாவது 2014 டிசம்பர் 10. அப்போது பிரதமர் நவீன் ராம்கூலம். அவரும் இங்கேதான் தோற்றார். அப்பா மகன் இருவரும் பதவியில் இருந்தபடியே ஒரே தொகுதியில் வீழ்ந்தது வேறெங்கும் இல்லை.

ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. 1991இல் நாடெங்கும் எம்.எஸ்.எம்.–எம்.எம்.எம். அணிக்கு 57, எதிரணிக்கு வெறும் 3. அப்போதும் நவீன் இங்கே வென்றார். 2000இல் 54–6 என்று ஆட்சி போனபோதும் இந்த இடம் போகவில்லை. 2019இல் அவர் 10ஆம் தொகுதிக்குப் போய்த் தோற்று, 2024 நவம்பர் 10இல் திரும்ப 5க்கு வந்து வென்றார். "சாயும், ஆனால் திரும்பும்" என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

பதவியில் இருந்த பிரதமர் சொந்தத் தொகுதியை இழந்தது 5இல் மட்டுமல்ல. 1995இல் அனிரூத் ஜக்நாத் 7ஆம் தொகுதியில், 2024இல் பிரவிந்த் ஜக்நாத் எங்கள் 8ஆம் தொகுதியில்.

ஒரு குறுக்கு வழி: 1982, 1995, 2024 மூன்றும் தீவில் 60–0. அந்த மூன்று ஆண்டுக்கும் வென்ற அணி எது என்று தொகுதி வாரியாகத் தேட வேண்டியதில்லை, 20க்கும் ஒன்றே. பெயரையும் வாக்கையும் மட்டும் நிரப்புங்கள்.

கட்சிப் பத்தியை ஒன்றாக வைக்காமல் இரண்டாக்குங்கள்: வேட்பாளரின் சொந்தக் கட்சி, நின்ற அணி. காரணம் இதோ. 1967இல் தொழிற்கட்சி ஐ.எஃப்.பி., சி.ஏ.எம். கட்சிகளுடன் சுதந்திர அணியில், எதிரில் பி.எம்.எஸ்.டி. கட்சி. தீவும் ரோட்ரிக்ஸும் சேர்த்து 39–23. 1976இல் மும்முனை, 18 வயதுக்கு வாக்கு வந்த முதல் தேர்தலும் அதுதான். 1983, 1987இல் எம்.எஸ்.எம்., தொழிற்கட்சி, பி.எம்.எஸ்.டி. ஒரு பக்கம், எம்.எம்.எம். மறுபக்கம். 1991இல் எம்.எஸ்.எம். எம்.எம்.எம். உடன் சேர்ந்தது, 1995இல் தொழிற்கட்சி எம்.எம்.எம். உடன், 2000இல் மறுபடி எம்.எஸ்.எம்.–எம்.எம்.எம்., 2005இலும் அதே ஜோடி தோற்றது. 2010இல் தொழிற்கட்சி–எம்.எஸ்.எம்.–பி.எம்.எஸ்.டி. வென்றது. 2014இல் தொழிற்கட்சி–எம்.எம்.எம். தோற்றது. 2019இல் திரும்ப மும்முனை. 2024இல் தொழிற்கட்சி–எம்.எம்.எம். வென்றது.

கட்சிச் சின்னங்களான சாவி, இதயம், சூரியன், சேவல் எல்லாம் மாறி மாறிக் கைகோத்திருக்கின்றன. ஆகவே "தொழிற்கட்சி வாக்கு 2010க்கும் 2014க்கும் இவ்வளவு குறைந்தது" என்ற வாக்கியத்துக்கே பொருள் இல்லை. இரண்டு அணியிலும் தொழிற்கட்சி இருந்தது, உடன் நின்றவர் வேறு. 2014 நல்ல பாடம். காகிதத்தில் இரண்டு பெரிய கட்சியின் வாக்கைக் கூட்டினால் யாரும் தொட முடியாது. பெட்டியில் வந்தது நாடளவில் 40க்கும் கீழே, 62இல் 13 இடம். தொண்டர் வாக்கு கூட்டல் கணக்குக்கு அடங்கவில்லை. மும்முனை ஆண்டுகளுக்கு ஒரு குறிப்புப் போடுங்கள். 2019இல் வென்ற அணிக்கு நாடளவில் 40 சதவீதத்துக்கும் கீழ்தான் வாக்கு, ஆனால் 62இல் 38 இடம். மும்முனையில் மூவர் பட்டியல் முறை இப்படித்தான் வீங்கும்.

வழக்கு முடிவையும் கவனியுங்கள். தேர்தல் மனு முடிவு அறிவித்த 21 நாளுக்குள் உச்ச நீதிமன்றத்தில் போட வேண்டும். சில வேளை பட்டியலே மாறும். 2005இல் 8ஆம் தொகுதியில் வென்ற அசோக் ஜக்நாத்தின் தேர்வு லஞ்ச வாக்குறுதி காரணமாக ரத்தாகி, 2008இல் லண்டனில் உள்ள மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அதை உறுதி செய்தது. 2009 மார்ச் இடைத்தேர்தலில் அந்த இடம் பிரவிந்துக்குப் போனது. இரண்டு ஆண்டையும் பார்க்காமல் எடுத்தால் ஒரே சபைக்கு நாலு பேர் வந்து நிற்பார்கள்.

ரோஸ்ஹில் அக்கா:

தமிழர் வாக்குக் கேள்விக்கு வருகிறேன். நேரடியாகச் சொன்னால், முடியாது. அதிகாரபூர்வ முடிவு வேட்பாளர் வாரியாகத் தொகுதி மொத்தம். வாக்காளர் பட்டியலில் சமூகம் கிடையாது. பெயரை வைத்து எண்ணுகிறேன் என்று உட்காராதீர்கள். நம்மவர் பாதிப் பேருக்கு முதல் பெயர் பிரெஞ்சு, குடும்பப் பெயர் தெலுங்கரோடு பொது. மக்கள்தொகைக் கணக்கில் மதம் என்ற இடத்தில் "தமிழ்" என்று வருகிறது உண்மைதான், ஆனால் அது குடியிருப்போர் கணக்கு. யார் யாருக்குப் போட்டார் என்பது அதில் இல்லை.

அரசியலமைப்புக் கணக்கில் தமிழர் தனிச் சமூகமே அல்ல. இந்து, முஸ்லிம், சீனர், இந்த மூன்றிலும் சேராத எல்லாரும் அடங்கிய பொதுமக்கள் பிரிவு என்று நான்குதான். தமிழர், தெலுங்கர், மராத்தியர் எல்லாரும் இந்து என்ற தலைப்பின் கீழ். இது மேடைக்கு வந்து அடிக்கடி சூடாகும் விஷயம், மலரில் எழுதும்போது கணக்கை மட்டும் எழுதுங்கள்.

இந்தப் பிரிவு பயன்படுவது "பெஸ்ட் லூசர்" இடங்களுக்கு, அதாவது சமூகச் சமநிலைக்காகத் தோற்றவர்களிலிருந்து கூடுதலாகச் சபைக்கு எடுக்கும் இடங்களுக்கு. பான்வெல் சொன்ன ஈடுகட்டும் முறையைக் கட்சிகள் ஏற்காததால் 1966இல் பிரிட்டிஷ் துணை அமைச்சர் ஸ்டோன்ஹவுஸ் வந்து பேசி முடித்தது. அதிகபட்சம் 8 இடம். எடுத்துக்கொள்வது 1972 கணக்கெடுப்பு, ஏனென்றால் அதற்குப் பிறகு சமூகக் கேள்வியே கேட்கப்படவில்லை. இந்து 4,28,167. முஸ்லிம் 1,37,081. சீனர் 24,084. பொதுமக்கள் 2,36,867. ஒவ்வொரு சமூகத்தின் தொகையையும் "கிடைத்த இடம் + 1" ஆல் வகுக்க வேண்டும். யாருக்கு மிகப் பெரிய ஈவு வருகிறதோ அவருக்கு அடுத்த இடம்.

உதாரணத்துக்கு 62இல் முறையே 38, 7, 1, 16 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈவு: 10,979, 17,135, 12,042, 13,933. முதல் இடம் முஸ்லிமுக்கு. இப்போது அவர்கள் 8, ஆக 9ஆல் வகுக்க 15,231, இரண்டாவதும் அவர்களுக்கே. 10ஆல் வகுக்க 13,708. பொதுமக்கள் பிரிவின் 13,933 அதைவிடப் பெரிது, மூன்றாவது அங்கே போகும். அவர்களுக்கு இனி 18ஆல் வகுக்க 13,159. நான்காவது மறுபடி முஸ்லிமுக்கு. முதல் நான்கு இப்படிச் சமூகம் பார்த்து. அடுத்த நான்கு, முதல் நான்கால் கட்சிகளுக்குள் குலைந்த சமநிலையைச் சரிசெய்ய. 60–0 வந்த ஆண்டுகளில் இரண்டாவது நான்கு நிரம்பாது. 1982இலும் 1995இலும் சபை 66 பேரோடு நின்றது அதனால்தான்.

தோற்றவர்களில் யார் என்பது வாக்கு எண்ணிக்கையால் அல்ல, தொகுதியில் பெற்ற சதவீதத்தால். இல்லாவிட்டால் 3ஆம் தொகுதி வேட்பாளர் 14ஆம் தொகுதிக்காரரை எட்டவே முடியாது. கட்சி சார்பில் நின்றவருக்கு மட்டுமே, சுயேச்சைக்கு இல்லை.

உங்கள் அட்டவணையில் இவர்களை "4ஆம் வெற்றியாளர்" என்று சேர்க்க வேண்டாம். தனிக் குறி போட்டுக் கீழே வையுங்கள். 2014 வேட்பாளர்களுக்குச் சமூகப் பத்தி வைத்திருந்தால் சிலருக்கு அது காலியாகத்தான் இருக்கும். ஐ.நா. மனித உரிமைக் குழு 2012இல் சொன்ன கருத்துக்குப் பிறகு, அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் சமூகம் அறிவிக்காமலே நிற்கலாம் என்று தற்காலிகச் சட்டம் கொண்டுவந்தார்கள்.

பழைய கெசட்டு:

அக்கா சொன்னதோடு ஒன்று. மூல எண்ணுக்கு முதலில் தேர்தல் ஆணையர் அலுவலக வெளியீடு, பிறகு அரசிதழ். பழைய ஆண்டுகளுக்குக் கோரோமாந்தெலில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம். அங்கே போகுமுன் தேர்தல் தேதியையும் அதற்கடுத்த இரண்டு வாரத்தையும் குறித்துக்கொண்டு போங்கள். "1959 தேர்தல்" என்று மட்டும் கேட்டால் கட்டுக் கட்டாக வரும். பத்திரிகை என்றால் 1948, 1953க்கு அட்வான்ஸும் லெ செர்னேயனும் இரண்டையும் பாருங்கள். இரண்டும் எதிரெதிர் முகாம். வாக்கு எண்ணிக்கையில் இரண்டும் ஒத்துப்போனால் நம்பலாம். பெயர் எழுத்துக்கூட்டல் மட்டும் இரண்டிலும் இருவிதமாக இருக்கும். ஒரே ஆளை இரண்டு பேராக எண்ணிவிடாதீர்கள்.

வடகரை:

நான்கு கட்டத்துக்கும் தனித்தனித் தாள் போட்டுவிட்டேன். 1967க்குப் பிந்திய தாளில் சொந்தக் கட்சி, அணி, சீட்டுச் சதவீதம், அணிப் பங்கு, அணிக்குள் இடைவெளி என்று பத்தி மாற்றியாயிற்று. 1970 இடைத்தேர்தல் தனி வரி, நிறம் வேறு. தமிழர் வாக்குப் பத்தியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 1948 வாக்குரிமைக் குறிப்பு வரும்.